பத்துக் கெண்டை

பெல்வில் மெட்ரோவுக்கு மேலே மழை.
வியாழக்கிழமை, காலை பத்தரை.
பின்கதவால் வந்து இறங்கின
பத்துக் கெண்டைகள், உயிரோடு.
என் தொட்டியில் நாலு மீனுக்குத்தான் இடம்.

காரிலிருந்து போனில் நாலு என்று சொன்னவர்
முதலாளி லிம்.
பத்து என்று எழுதினவள் காசுமேசை லின்.
சீட்டைக் காட்டினாள்.
அவர்கள் எழுத்தில் பத்து ஒரு சிலுவை.
வேலைக்கு வந்த புதிதில், மன்னார்க்காரன் நான்,
சீட்டெல்லாம் சிலுவையாய் இருக்கக் கண்டு
செத்தவர் வீட்டுச் சாப்பாடோ என்று நினைத்தேன்.

நாலுக்கு நாக்கு நேரே கிடக்கவேண்டும், குரல் விழவேண்டும்.
பத்துக்கு நாக்கு மடியவேண்டும், குரல் எழவேண்டும்.
ஹார்பின்காரி லின்னுக்கு இது மூச்சுவிடுவது மாதிரி.
லிம் ப்நோம்பென்னில் பிறந்தவர், வீட்டில் தியோச்சூ.
மாண்டரின் அவருக்கு நாற்பது வயதில் வாங்கிய சப்பாத்து,
கடிக்கும்.
அவர் வாயில் சியும் ஷியும் ஒன்றுதான்,
நம்மவர் சிலர் வாளப்பளம் என்று சொல்லி
முழுப் பழத்தையும் தின்றுவிடுவதுபோல.

லின் முஷ்டியை உயர்த்தினாள்.
லிம் இரண்டடி பின்னுக்குப் போனார்.
அடிக்கத்தான் வருகிறாள் என்று நானும் கத்தியை எடுத்து மறைத்தேன்.
பிறகுதான் தெரிந்தது:
வடக்கே மூடிய கை என்றால் பத்து.
லிம் இரண்டு சுட்டுவிரலைக் குறுக்கே வைத்தார்.
அவருக்கு அது பத்து.
விரலுக்கும் ஊர் இருக்கிறது.

வெட்டுப்பலகையில் இருந்தவர் வென்சோ ஆள்.
மூவருக்கும் குடும்பப்பெயர் ஒரே எழுத்து,
இரண்டு மரம் ஒட்டி நிற்கிற எழுத்து.
இவருடைய கார்டில் லின். இவரே சொன்னால் லெங்.
தங்கச்சியோடு போனில் கதைக்கும்போது
லின் என்னைப் பார்ப்பாள், எனக்கு விளங்குகிறதோ என்று.
லெங்கின் பத்து, ஸை.
லிம்மின் பத்து, ட்சப்.
உதடு மூடும், மூடினபடியே நிற்கும்.
நான் சொன்னால் ட்சப்பு.
கடைசியில் ஓர் உகரம் போடாமல்
என் வாய் எதையும் விட்டுக்கொடுக்காது.
லின்னின் வடக்கில் அந்த ப்
எந்த நூற்றாண்டிலோ உதிர்ந்துபோயிற்று.
தேடுவார் இல்லை.

கடைசியில் மூன்று பேரும் பிரெஞ்சில் சண்டை பிடித்தார்கள்.
காத்ர்! தீஸ்! காத்ர்!
வினைச்சொல் ஒன்றும் இல்லாத பிரெஞ்சு.
ஆனால் எண் குழம்பவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.
சென்னையில் ஒரு வங்கியில்
மேலாளரோடு கதைக்கவேணும் என்றேன் ஒருமுறை.
என்ன கதை சார் என்றான் காவலாளி.
கொஞ்சம் பொறுத்து, கேரளாவா?
மன்னார் என்றேன்.
மன்னார்குடியா, அப்படிச் சொல்லுங்க, என்று
கதவைத் திறந்துவிட்டான்.
நானும் உள்ளே போய்விட்டேன்.

மூன்று மணிக்குக் கடைசி மேசையும் எழும்பியது.
லெங் கேத்தலை வைத்தார்.
சா, என்றாள் லின்.
லெங் சொன்னது ட்சோ மாதிரி இருந்தது.
லிம் கோபம் ஆறாமல், தே, என்றார்.
தேத்தண்ணி எண்டால் எனக்கும் ஒண்டு, என்றேன்
எனக்கே தமிழில்.

லிம் திரும்பினார்.
தே? என்றார் என் நெஞ்சைக் காட்டி.
தே, என்றேன்.
தே, என்றார் இன்னொருமுறை,
கள்ளநோட்டோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்போல.
பிறகு தன் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு
வேறொன்று எடுக்கப் போனார்.

காய்கறித் தொட்டியில் மிச்சம் ஆறு கெண்டை.
சனிக்கிழமை வரைக்கும்
எல்லாருக்கும் அதுதான் சாப்பாடு,
முள் நிறைய.